கன்னி மூலையிலிருந்து ஃபேன் வரை

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். (6, 6, 7) என்று மூன்று எண்களைச் சொல்லி, "இந்தப் புள்ளி எங்கம்மா இருக்கு?" என்கிறாள். தாளில் வரைந்தால் எல்லாம் தட்டையாகத்தான் தெரிகிறது. எப்படிப் புரியவைப்பது? இதெல்லாம் எதற்காவது உதவுமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தாளை மூடிவிட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள் அம்மா. காட்பாடியில் என் வீட்டுக் கூடம் கிழக்கு மேற்காக 14 அடி, தெற்கு வடக்காக 12 அடி. டியூஷன் பிள்ளைகளைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில் நிற்கவைப்பேன். வாஸ்துவுக்காக இல்லை, காரணம் பின்னால் வருகிறது. இரண்டு சுவரும் தரையும் சேரும் அந்த மூலைதான் ஆதிப்புள்ளி. அங்கிருந்து கிழக்கே 6 அடி, அது எக்ஸ். அப்புறம் வடக்கே 6 அடி, ஒய். நின்ற இடத்திலிருந்து நேர் மேலே 7 அடி, இசட். அண்ணாந்தால் ஃபேனின் அடிக்கிண்ணம்! வேலூர் மே மாதத்தில் எல்லார் கண்ணும் அங்கேதான்.

மூலையிலிருந்து கிண்ணத்துக்கு டேப்பைச் சாய்வாகப் பிடித்தால் 11 அடி. 36, 36, 49 கூட்டினால் 121, அதன் வர்க்கமூலம் 11. பிள்ளைகள் ஸ்டூல் போட்டு அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

தென்கிழக்கு மூலைக்குப் போனால் அதே ஃபேன் (6, 8, 7). கொத்தனார் கொக்கியை நட்டநடுவில் வைக்கவில்லை. ஆனால் அங்கே வடக்குதான் எக்ஸ், மேற்கு ஒய். வலக்கை விரல்களை எக்ஸிலிருந்து ஒய் பக்கம் மடக்கினால் கட்டைவிரல் மேலே, இசட் பக்கம் காட்ட வேண்டும்; அதுதான் விதி. கன்னி மூலையில் கிழக்கு, வடக்கு என்ற பழகிய வரிசையிலேயே அது அமைந்துவிடுகிறது. தரைக்குக் கீழே சம்ப் இருந்தால் இசட் மைனஸ், அவ்வளவுதான்.

உதவுமா என்றால், உங்கள் கைபேசியின் ஜிபிஎஸ் இதைத்தான் செய்கிறது. அதற்கு ஆதிப்புள்ளி பூமியின் மையம். எக்ஸ் அச்சு நிலநடுக்கோட்டில் கிரீன்விச் தீர்க்கரேகைப் பக்கம், ஒய் அதே கோட்டில் 90 பாகை கிழக்கே, இசட் வடதுருவத்துக்கு. வேலூர்க் கோட்டை சுமாராக (1170, 6110, 1420) கிலோமீட்டர். நாம் 79 பாகை கிழக்கில் இருப்பதால்தான் ஒய் இவ்வளவு பெரிதாக வருகிறது. வர்க்கம் போட்டுக் கூட்டி மூலம் எடுக்கச் சொல்லுங்கள். பூமியின் ஆரம், சுமார் 6,380 கிடைக்கும்.

கைபேசி இந்த எண்களைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறது; ஒரு செயற்கைக்கோளுக்கு ஒரு சமன்பாடு. மூன்று எண்ணுக்கு மூன்று செயற்கைக்கோள் போதாதா என்று மகள் கேட்பாள். போதாது. கைபேசிக் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதும் தெரியாத எண்தான். நாலு தெரியாதவை, நாலு சமன்பாடு, நாலு செயற்கைக்கோள்.