4294967297: பகா எண்ணா, பகு எண்ணா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு வினாடி வினா பயிற்சித் தாளில், '4294967297 பகா எண்ணா? இல்லையென்றால் காரணிகளைக் காண்க' என்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. வீட்டில் இருப்பது எட்டு இலக்கக் கால்குலேட்டர். இந்த எண்ணை அதில் அடிக்கக்கூட முடியவில்லை. 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. வகுத்துக்கொண்டே போனாலும் விடை கிடைக்கும்தான், ஆனால் 116ஆவது பகா எண் வரை காத்திருக்க வேண்டும்.

இது 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண். விஷயமே இதில்தான் இருக்கிறது. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும் முந்தைய ஐந்தும் பகா எண்கள். அடுத்ததான இதுவும் பகா எண்ணே என்று 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். இல்லை என்று 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் காட்டினார்.

ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2இன் 32ஆம் அடுக்கை வகுத்தால் மீதி −1. அதை வர்க்கப்படுத்தி 64ஆம் அடுக்குக்குப் போனால் மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது. ஆனால் அந்தப் பகா எண்ணைவிட 1 குறைவான அடுக்கிலும் மீதி 1 வந்தே தீரும் என்கிறது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஆக, அந்தக் குறைத்த எண் 64இன் மடங்காகத்தான் இருக்க முடியும். (ஃபெர்மாவின் ஊகத்தைக் கவிழ்க்க அவருடைய தேற்றமே உதவுகிறது, பாருங்கள்.)

64இன் மடங்கோடு 1 கூட்டினால் வரும் பகா எண்கள்: 193, 257, 449, 577, 641... சோதிக்கப் பெரிய வகுத்தல் வேண்டாம், மீதியை மட்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் போதும். 641ஐ எடுத்துக்கொள்வோம். 2இன் 16ஆம் அடுக்கு 65536. அதை 641ஆல் வகுத்தால் மீதி 154. 154இன் வர்க்கம் 23716. அதை வகுத்தால் மீதி 640. இது 32ஆம் அடுக்கின் மீதி. 1 கூட்டினால் 641, மீதியின்றி வகுபடுகிறது. முதல் நான்கு எண்களையும் இதே போல் மகன் போட்டுப் பார்க்கட்டும், எதுவும் வகுக்காது.

அப்புறம், தாளில் நெடுவகுத்தல் செய்தால் ஈவு 6700417. இதன் காரணிகள் மூல எண்ணுக்கும் காரணிகள், அதனால் அதே விதி இதற்கும் பொருந்தும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை பார்க்க வேண்டியவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 என்ற ஏழு மட்டுமே. இராமானுஜன் எண் 1729ம் இந்த வகையில் வரும், ஆனால் அது 7 × 13 × 19 என்பதால் விட்டுவிடலாம். ஏழில் ஒன்றும் வகுக்கவில்லை. எனவே 6700417 பகா எண். விடை 641 × 6700417.

எப்படி உருவானது என்றே தெரியாத பத்து இலக்க எண் வந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது. அதற்குப் பேசாமல் கம்ப்யூட்டரிடம் போய்விடலாம்.