பழைய ஹைட்ரஜன் கார் மலிவாக வருகிறது: அது எப்படி ஓடுகிறது, வாங்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவுக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கிறேன். இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய், ஹைட்ரஜனில் ஓடுவது, மூன்று நான்கு வருடப் பழசு, நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிறது. இது எப்படி வேலை செய்கிறது? தினமும் ஓட்டினால் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி நல்ல வண்டி. ஆனால் நீங்கள் தினமும் போய்வரும் வழியில் ஒழுங்காக இயங்கும் ஹைட்ரஜன் பங்க் இரண்டாவது இல்லையென்றால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஏன் என்பது அந்த வண்டியும் பங்க்கும் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஹைட்ரஜன் கார் என்றதும் பெட்ரோலுக்குப் பதிலாக ஹைட்ரஜனை எஞ்சினில் எரிக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். மிராயில் எஞ்சினே கிடையாது. அது மின்சாரக் கார்தான். வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுவர வேண்டிய மின்சாரத்தை, போகிற வழியில் தானே தயாரித்துக்கொள்கிறது. தயாரிக்கும் பாகத்துக்கு ஃப்யூயல் செல் என்று பெயர்.

ஒரு செல்லின் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் இரு பக்கமும் மிக நுண்ணிய பிளாட்டினத் துகள்கள் படிந்த கார்பன் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது, மறுபக்கம் வெளிக்காற்று. பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டுமே உள்ளே விடும். வழி கிடைக்காத எலக்ட்ரான்கள் வெளிக் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். அந்தச் சுற்றுதான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். மறுபக்கத்தில் புரோட்டான், எலக்ட்ரான், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து தண்ணீராகிவிடும்.

கணக்குப்படி ஒரு செல் 1.23 வோல்ட் தர வேண்டும். ஓடும்போது 0.6, 0.7 வோல்ட்தான் நிற்கும். மீதி வெப்பமாகப் போகிறது. அதனால் 330 செல்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். முழு அடுக்கும் சேர்ந்து அதிகபட்சம் 128 கிலோவாட் தரும். அதை 650 வோல்ட் வரை உயர்த்தி, பின் சக்கரங்களைச் சுழற்றும் 134 கிலோவாட் மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். கூடவே 1.24 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது வரும் ஆற்றலைச் சேமிப்பதும், திடீரென்று வேகமெடுக்கும்போது கைகொடுப்பதும் அதன் வேலை. அதை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியாது. பிளக் வைத்த இடமே வண்டியில் இல்லை.

சவ்வு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் புரோட்டான் நகராது, திறன் விழும். தண்ணீர் மிஞ்சினால் வாயு போகும் பாதை அடைபடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைப்பதுதான் வண்டியின் கணினிக்கு ஓயாத வேலை. காற்றிலுள்ள நைட்ரஜனும் சவ்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பக்கம் கசிந்து சேரும். அதை அவ்வப்போது வெளியே ஊதித் தள்ள வேண்டும். வண்டியை அணைத்த பிறகும் சிறிது நேரம் உஸ்ஸென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இப்படிச் சுத்தம் நடக்கிறது.

பிளாட்டினம் மிகவும் மென்மையான குணம் கொண்டது, அழுக்கைத் தாங்காது. வாகன ஹைட்ரஜனுக்கான ஐஎஸ்ஓ 14687 தரப்படி தூய்மை 99.97 சதவீதம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கு, கந்தகம் 0.004 பங்கு தாண்டக் கூடாது. சமையல் எரிவாயுவில் சேர்ப்பது போல வாசனைப் பொருளை இதில் சேர்க்க முடியாததற்கு இதுதான் காரணம். அதிலுள்ள கந்தகமே செல்லைக் கெடுத்துவிடும். ஆகவே கசிவை மூக்கு கண்டுபிடிக்காது, வண்டியிலுள்ள சென்சார்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம். காற்று ஃபில்டரையும் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். அது தூசியை மட்டுமல்ல, முன்னால் போகும் வண்டிகளின் புகையிலுள்ள வாயுக்களையும் பிடித்து வைக்கும் ஃபில்டர்.

கூலன்ட் விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். அடுக்கு முழுவதும் மின்னழுத்தம் இருப்பதால், அதற்குள் ஓடும் கூலன்ட் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. அதற்கென்று தனி கூலன்ட், அயனிகளைப் பிடிக்கத் தனி ஃபில்டர். அளவு குறைந்தது தெரிந்தால் குழாய்த் தண்ணீரோ கடையில் விற்கும் சாதாரண கூலன்ட்டோ ஊற்றவே கூடாது. பெட்ரோல் வண்டியில் வெப்பத்தின் பெரும்பங்கு புகையோடு போய்விடும். இதில் வெளியேறுவது மிதமான சூட்டு ஈரக்காற்றுதான் என்பதால், வெப்பம் ஏறக்குறைய முழுவதையும் ரேடியேட்டர்தான் இறக்க வேண்டும். வெயில் காலத்தில் நீண்ட மலையேற்றத்தில் ஏசியும் ஓடினால் கணினி திறனைக் குறைத்துக்கொள்ளலாம். அது பழுது அல்ல.

ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். கியர் மாற்றம் கிடையாது, அதிர்வு கிடையாது; அழுத்தி மிதித்தால் மட்டும் காற்று கம்ப்ரசரின் மெல்லிய கீச்சொலி கேட்கும். 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ தண்ணீர் உண்டாகும். 100 கி.மீ. போக ஏறக்குறைய 1 கிலோ செலவாகும், அதாவது 9 லிட்டர் தண்ணீர், பெரும்பாலும் ஆவியாக. கராஜுக்குள் நுழையும் முன் 'எச்டூஓ' என்ற பொத்தானை அழுத்தினால் தேங்கியதை வெளியிலேயே கொட்டிவிடும். இடவசதிதான் குறை. ஒரு டேங்க் வண்டியின் நடுவில் நீளவாக்கில் கிடப்பதால் பின் சீட்டில் நடுவில் உட்காருபவருக்கு இடைஞ்சல், டிக்கியும் சிறியது.

மூன்று டேங்கிலும் சேர்த்து 5.6 கிலோ பிடிக்கும், 700 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கில். உள்ளே பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கார்பன் இழை. தீப்பிடித்து வெப்பம் ஏறக்குறைய 110 டிகிரியைத் தொட்டால் ஒரு வால்வு தானே திறந்து வாயுவை வெளியே விட்டுவிடும், டேங்க் வெடிக்காது. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசானது, திறந்தவெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். காற்றோட்டமில்லாத மூடிய கராஜில்தான் கவனம் தேவை. மிராய் எக்ஸ்எல்இ மாடலுக்கு அமெரிக்க அரசுச் சோதனைக் கணக்கு 402 மைல், அதாவது 647 கி.மீ. நெடுஞ்சாலை வேகத்தில் 500 கி.மீ. சுற்றி எதிர்பாருங்கள். கிலோவுக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு சுலபம்.

இனி பங்க். தொல்லை முழுவதும் இங்கேதான்.

நாசிலில் எச்35 (350 பார்), எச்70 (700 பார்) என்று இரண்டு இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது எச்70. எச்35-இல் போட்டால் பாதியளவுக்குச் சற்று மேலேதான் நிரம்பும். கார்டைத் தேய்த்து, நாசிலை வண்டியின் வாயில் நேராகப் பொருத்தி, பிடியை இழுத்துப் பூட்டுங்கள். பூட்டியதும் வண்டி அகச்சிவப்பு ஒளி மூலம் டேங்கின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பங்க்குக்குச் சொல்லும். பங்க் சிறிது வாயுவை அனுப்பிக் கசிவு பார்த்துவிட்டு நிரப்பத் தொடங்கும். நடுவில் ஓரிரு முறை நிற்கும், அதுவும் கசிவுச் சோதனைதான். 4, 5 நிமிடத்தில் முடியும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதல்லவா, அதேபோல வேகமாக நிரப்பும்போது டேங்குக்குள் சூடேறும். 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதனால் ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். அந்தக் குளிரில் காற்றின் ஈரம் நாசில் மேல் உறைந்து, வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். வரிசையாக நான்கைந்து வண்டிகள் நிரப்பிய பிறகு இது அடிக்கடி நடக்கும். பலம் கொண்டு இழுத்தால் வாய்ப்பகுதி சேதமாகும். தண்ணீர் ஊற்றினால் அதுவும் உறைந்து இன்னும் இறுகும். சில நிமிடம் பொறுத்தால் தானே விடும்.

இன்னொரு சிக்கல் அழுத்தம். சேமிப்புக் குடுவைகளில் ஏற்றி வைத்த உயர் அழுத்த வாயு சில வண்டிகளுக்குத்தான் போதும். பிறகு கம்ப்ரசர் மீண்டும் ஏற்றும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும், அல்லது அரைகுறையாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும். கம்ப்ரசரோ குளிர்விப்பானோ படுத்துவிட்டால் அந்த பங்க்கே மூடல். கேனில் வாங்கி வந்து ஊற்றும் வழி கிடையாது. நடுவழியில் தீர்ந்தால் இழுவை வண்டிதான். ஆகவே கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். கிளம்பும் முன் ஹைட்ரஜன் ஃப்யூயல் செல் பார்ட்னர்ஷிப் நடத்தும் இணைய வரைபடத்தில், பங்க் இயங்குகிறதா, எத்தனை கிலோ கையிருப்பு என்று பாருங்கள்.

பங்க்குகள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுப்புறத்திலும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும்தான். இரண்டு ஊருக்கும் இடையே ஐ-5 நெடுஞ்சாலையில் கோலிங்கா அருகே ஹாரிஸ் ராஞ்ச்சில் இருப்பதை நம்பித்தான் பயணம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸ் போய்த் திரும்ப 850 கி.மீ.க்கு மேல் ஆகும். ஒரு டேங்கில் முடியாது. குடும்பத்தோடு நெடும்பயணம் போகிறவர்களுக்கு இன்னொரு வண்டி அவசியம்.

விநியோகமும் உறுதியில்லை. 2019 ஜூனில் சாண்டா கிளாராவில் ஹைட்ரஜன் ஆலையில் வெடிப்பு நடந்ததும் விரிகுடாப் பகுதி பங்க்குகள் பலவும் வறண்டன. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் பங்க்குகளை மூடிவிட்டது. விலை 2023-இல் சில பங்க்குகளில் கிலோவுக்கு 36 டாலரைத் தொட்டது. அந்த விலையில் முழு டேங்க் 200 டாலர். 100 கி.மீ.க்கு 36 டாலர்! புதிதாக வாங்கியவர்களுக்கு டொயோட்டா 15,000 டாலர் வரை எரிபொருள் அட்டை தந்ததால் அவர்களுக்குச் சுமை தெரியவில்லை. அட்டை தீர்ந்ததும் விற்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கும் மலிவு விலையின் காரணம் இதுவே.

விலை ஒருபுறம் இருக்க, ஹைட்ரஜன் காரில் அடிப்படையான ஆற்றல் விரயமும் உண்டு. தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகும். அழுத்தி, குளிர்விக்க மேலும் சில. ஏறக்குறைய 60 கிலோவாட்-மணி செலவில் மிராய் 100 கி.மீ. போகிறது. அதே மின்சாரத்தை நேராக பேட்டரிக் காரில் ஏற்றினால் 300 கி.மீ.க்கு மேல் ஓடும். சொந்தக் கார்களுக்கு ஹைட்ரஜன் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரே பணிமனையில் நிரப்பிக்கொண்டு, தெரிந்த தடத்தில் ஓடும் பேருந்து, ரயில் போன்றவற்றுக்கு அதில் நியாயம் இருக்கிறது. சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை உருவாக்கிய ஹைட்ரஜன் ரயிலும் ஹரியானாவில் ஜிந்த்–சோனிபட் என்ற ஒரே தடத்துக்கானது.

இவ்வளவுக்குப் பிறகும் பங்க் பக்கத்தில் இருக்கிறது, வாங்கத்தான் போகிறேன் என்றால், எரிபொருள் மூடிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். டேங்குக்கு ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 15 வருடம். அதன் பிறகு நிரப்பக் கூடாது என்ற தேதி அதில் இருக்கும். ஃப்யூயல் செல் பாகங்களுக்கான 8 வருட, 1,00,000 மைல் உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். விபத்தில் அடிபட்ட வண்டி வேண்டாம், கார்பன் இழையில் விழுந்த அடி வெளியே தெரியாமல் இருக்கலாம். இந்த வண்டியைத் திறந்து பார்க்கும் பயிற்சி பெற்ற டீலர் உங்கள் ஊரில் உண்டா என்பதையும், எரிபொருள் அட்டையில் மிச்சமிருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த பங்க்குக்குப் போய், எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எத்தனை பேர் முழு டேங்கோடு போகிறார்கள் என்று அரை மணி நேரம் நின்று பாருங்கள். அங்கே நிற்கும் மிராய்க்காரர்களிடமே கேட்டால், எந்த பங்க் எந்த நேரத்தில் படுக்கும் என்று விவரமாகச் சொல்வார்கள்.