மசாலா போட்டு மறைக்க வேண்டாம்

வணக்கம் ஆச்சி,

பூர்வீகம் தேவகோட்டை. பதினோரு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கயாக் (ஓர் ஆள் உட்காரும் சின்னத் துடுப்புப் படகு) எடுத்துக்கொண்டு ராரிட்டன் விரிகுடாவில் தூண்டில் போடப் போவேன். போன மாதம் ஆலாப் பறவைகள் கூட்டமாக ஓரிடத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்தால், மென்ஹேடன் என்ற சின்ன எண்ணெய் மீன்களை ப்ளூஃபிஷ் என்ற மீன் கூட்டம் மேலே விரட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மாட்டியது. இரண்டு கிலோ இருக்கும். பையில் போட்டுக் கயாக்கின் பின்பக்கம் வைத்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று மூன்று மணி நேரம் சுற்றினேன். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தோம். வாடை தாங்கவில்லை, பிள்ளைகள் தட்டை நகர்த்திவிட்டார்கள். இங்கே நிறையப் பேர் இந்த மீனை வேண்டாம் என்கிறார்கள். செட்டிநாட்டு மசாலாவைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் வாடை அடங்குமா? ஆத்தா போனில் இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார்கள். அதையும் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்

---

அன்புள்ள தம்பி,

அன்றைக்குப் பிள்ளைகள் தட்டை நகர்த்தியது நல்லதுதான். காரத்தைக் கூட்டி எப்படியாவது சாப்பிட வைத்திருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு சித்திரை மாதம், கரையில் ஒரு பெரிய சூரை வாங்கி ஒயர் கூடையில் வைத்து, ஐஸ் இல்லாமல், தொண்டியிலிருந்து தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்கு பஸ்ஸில் கொண்டுவந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குழம்பு வைத்தோம். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி. மீன் சேரவில்லை என்று நினைத்தோம். டாக்டர்தான் விளக்கினார். சூரை, அயிலை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எங்களுக்கு வந்த தடிப்பும் தலைவலியும் அதனால்தான். அப்படி மாறியபின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. உங்கள் ப்ளூஃபிஷும் இந்த வகையில் சேர்ந்ததுதான். மூன்று மணி நேரம் பையில் கிடந்த மீனை எந்த மசாலாவாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நம் சமையலைப் பற்றி வெளியூரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது: காரமும் மசாலாவும் அள்ளிப் போட்டால் அது செட்டிநாடு. எங்கள் அப்பத்தா மீன்காரம்மாவிடம் முதலில் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். அது சிவப்பாக இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் பருப்புத் துவையல்தான். வாடையை அமுக்க மசாலா அரைத்ததை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

ஆகவே உங்கள் குழம்பு கயாக்கில்தான் ஆரம்பிக்கிறது. புறப்படும்போதே ஐஸ் நிரப்பிய தடிமனான பை ஒன்று வேண்டும். மீன் ஏறியதும் நீண்ட குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். விரலை வாய் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அந்தப் பல் விரலை ஆழமாக வெட்டிவிடும். மூன்று முள் சேர்ந்த கொக்கிக்குப் பதில் ஒற்றை முள் போட்டு, அதன் எதிர்முள்ளையும் நசுக்கிவிடுங்கள். உங்கள் மடிக்குப் பக்கத்தில் துள்ளப்போகிற மீன் அது. தங்கூஸ் நரம்பைக் கடித்து அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுவது நல்லது. உடனே செவுளில் ஒரு வெட்டு வெட்டி ரத்தம் வடியவிட்டு, கடல் தண்ணீரும் ஐஸும் கலந்த பைக்குள் விடுங்கள். வெறும் ஐஸைவிட இந்தக் கலவை மீனைச் சுற்றிலும் பிடித்து வேகமாகக் குளிரவைக்கும். கயிற்றில் கட்டித் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அப்புறம், கரையேறியதும் முதல் வேலையாகக் குடலை எடுத்துவிடுங்கள். வயிறு நிறைய எண்ணெய் மீனைத் தின்றிருக்கும் மீன் அது. உள்ளே விட்டுவைத்தால் சதை சீக்கிரம் இளகிவிடும்.

மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது நானும் அங்கே இதைச் சாப்பிட்டிருக்கிறேன். சாண்டி ஹூக் பக்கம் பிடித்த குட்டி மீன்கள், அங்கே ஸ்னாப்பர் என்பார்கள். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் மட்டும் தடவிக் கல்லில் போட்டு எடுத்தோம். நம் அயிலைக்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் அதைவிட மிருது. அன்றிலிருந்து இந்த மீனை யாராவது இழிவாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. நிறைய வாங்கி உறைய வைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், சதை கூழாகிவிடும்.

உங்கள் இரண்டு கிலோ அளவுக்குத் தோலை உரித்து, பக்கவாட்டில் நடுவே ஓடும் கறுஞ்சிவப்புச் சதையைக் கத்தியால் வழித்து எடுத்துவிடுங்கள். எண்ணெயும் வாடையும் அதில்தான் அதிகம். அங்கத்திய ஆற்றுமுகங்களில் சேர்ந்திருக்கும் பிசிபி என்ற ரசாயனமும் கொழுப்பில்தான் தங்கும். பாதரசம் அப்படி வழித்தால் போகாது, அது சதை முழுக்க இருக்கும். மீன் பெரிதாகப் பெரிதாக இரண்டும் கூடும். அதனால் பிள்ளைகளுக்குச் சின்ன மீன்தான். எத்தனை நாளுக்கு ஒரு தடவை கொடுக்கலாம் என்று உங்கள் மாநிலமே அறிவுரை வெளியிடுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழம்புக்கு மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயம், சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயம், ஒரு முழுப் பூண்டு போட்டு வதக்குங்கள். தக்காளி ஒன்று போதும். மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டு, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி எண்ணெய் மேலே பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். புதிய மீனிலும் லேசாக இருக்கும் வாடையைப் புளியின் அமிலம் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மற்ற மீனுக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவோம், இதற்கு வேண்டாம். மீனிலேயே எண்ணெய் இருக்கிறது, தேங்காயும் சேர்ந்தால் திகட்டும். கடைசியில் துண்டுகளைப் போட்டு, தீயைக் குறைத்து, ஏழெட்டு நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

பிள்ளைகளுக்கு முதலில் புட்டாகக் கொடுத்துப் பாருங்கள். சுறாப்புட்டு மாதிரியேதான்: மஞ்சள் உப்புப் போட்டு வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, சோம்பு, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயத்தோடு ஈரம் போகும்வரை வதக்குவது. இதழ் இதழாக உதிரும் சதை என்பதால் இந்த மீனுக்கு அது நன்றாகவே அமையும்.

ஆத்தா கேட்டதற்கு: தொண்டியிலோ கோட்டைப்பட்டினத்திலோ இந்த மீனை ஏலத்தில் நான் பார்த்ததில்லை. நம் கரையில் இதற்கு ஒரு பெயர் புழங்கிக் கேட்டதும் இல்லை. அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம்தான். வேறு மீனின் பெயரை இதற்கு ஒட்டவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ப்ளூஃபிஷ் என்றே சொல்லட்டும். இஸ்தான்புல்லில் இதற்கு அளவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சின்னது சினெகொப், நடுத்தரம் லுஃபேர், பெரியது கொஃபானா. குரும்பை, இளநீர், தேங்காய் என்று நாம் சொல்வதுபோல. ஒரு மீனை அத்தனை பிரியமாகக் கவனித்த ஊர் அது.

இன்னொன்று. 2020-ல் உங்கள் கடற்கரையில் ஓர் ஆள் ஒரு நாளில் 15 ப்ளூஃபிஷ் எடுக்கலாம் என்றிருந்ததை 3 ஆகக் குறைத்தார்கள், மீன் குறைந்துபோனதால். இப்போது எத்தனை என்று பார்த்துக்கொண்டு போங்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாமும் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறோம். ஒரு குடும்பத்துக் குழம்புக்கு ஒரு மீன் போதுமே.

அக்டோபர் தாண்டினால் அங்கே கரையில் வெயில் அடித்தாலும் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். கவிழ்ந்தால் எத்தனை நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, தண்ணீரின் குளிருக்கு ஏற்ற உடையும் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தனியாகப் போகாதீர்கள் தம்பி. அடுத்த மீனைச் சமைத்ததும் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆச்சி
காரைக்குடி