அல்சர் மாத்திரை: எத்தனை நாள், எவ்வளவு செலவு?

கேள்வி: டாக்டர், என் கணவர் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். எண்டோஸ்கோப்பி எடுத்ததில் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருக்கிறது, எச். பைலோரி கிருமியும் இருக்கிறது என்றார்கள். 14 நாளைக்கு மாத்திரை எழுதினார்கள். விலையைக் கேட்டதும் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி வந்துவிட்டோம். நாலு நாளில் வலி நின்றுவிட்டது. மீதியையும் வாங்கத்தான் வேண்டுமா? விலை குறைந்த மாத்திரை வாங்கினால் கேட்குமா?
— ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: வாங்கத்தான் வேண்டும் அம்மா, அதுவும் கையில் இருப்பது தீர்வதற்குள். வலி நின்றதற்குக் காரணம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. கிருமி அத்தனை சீக்கிரம் போகாது. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம், அப்புறம் புண் திரும்ப வரும்போது வேறு மருந்து தேட வேண்டியிருக்கும், செலவும் கூடும்.

காரம், கவலை, நேரத்துக்குச் சாப்பிடாதது, இவைதான் அல்சருக்குக் காரணம் என்று இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். இவை வலியைக் கிளறலாம். ஆனால் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஒன்று இந்தக் கிருமி, இல்லாவிட்டால் வலி மாத்திரை. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் அவரோடு ஆராய்ச்சி செய்த ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. வருஷக்கணக்கில் மருந்து குடித்து, கடைசியில் ஆபரேஷன் வரை போன ஒரு நோய் இன்று இரண்டு வார மாத்திரையில் தீர்கிறது என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம். அந்த இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி செலவு. சீட்டில் பெரும்பாலும் மூன்று மருந்து இருக்கும்: அமிலத்தைக் குறைக்க பான்டோபிரசோல் அல்லது அந்த வகையில் ஒன்று, கிருமிக்கு அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும். பில்லை ஏற்றுவது பொதுவாக கிளாரித்ரோமைசின்தான். சீட்டையும் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போங்கள். அங்கே மருந்து இலவசம், ஒருவேளை ஒரு மருந்து இருப்பில் இல்லை என்றால் அதை மட்டும் வெளியே வாங்கலாம். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. இரண்டிலும் ஜெனரிக் மருந்து, அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்பது, வெளியே விற்பதைவிட நல்ல மலிவு.

கேட்குமா என்றால், கேட்கும். அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், அதற்குப் பக்கத்திலோ கீழேயோ சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் நீங்கள் வாங்கும் மருந்து. அதுவும் மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப் போகிறதா என்று மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு விஷயம் முக்கியம். வெறும் பான்டோபிரசோல் கேட்டால் டாம்பெரிடோன் சேர்த்ததைக் கொடுக்கும் கடைகள் உண்டு. அது வாந்திக்கான மருந்து, இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் எழுதியிருந்தால் சரி, எழுதாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அமாக்சிசிலின் தொடக்கூடாது, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கோர்ஸ் முடிந்து நாலு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோபிரசோலும் போடக்கூடாது, போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 63, மூட்டு வலி. மெடிக்கலில் ஒரு வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், தினமும் போடுகிறார். கேஸ் மாத்திரை கூடவே இருப்பதால் பயமில்லைதானே?
— ஒரு வாசகர், தேனி

பதில்: பயம் குறையும், போகாது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாமே வலியைக் குறைக்கும்போதே இரைப்பையின் உள்சுவரைக் காக்கிற சுரப்பையும் குறைத்துவிடுகின்றன. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் பாதிப்பு ரத்தத்தின் வழியாகவும் வருகிறது. வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் புண்ணாகி, திடீரென்று ரத்தம் கசிவது உண்டு. தார் மாதிரி கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு மலம் போனாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற பொடியோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தினசரி வலி மாத்திரை உண்மையிலேயே வேண்டுமா, பாரசிட்டமாலும் பிசியோதெரபியும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவராக இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: பல வருஷமாகப் பான்டோபிரசோல் போடுகிறேன். ஒரு நாள் விட்டாலும் நெஞ்செரிகிறது. நிறுத்தவே முடியாதா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: எதற்காக ஆரம்பித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண அல்சருக்கு அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரை 4 முதல் 8 வாரம் போதும். ரொம்ப நாள் போட்டுவிட்டு சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், அந்த எரிச்சல் சில வாரங்களில் அடங்கும். நோய் போகவில்லை என்று பயந்து பலர் அங்கேதான் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். டாக்டர் சொல்கிறபடி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். உணவுக்குழாயில் புண் இருந்தவர்களும், ஆஸ்பிரின் விட முடியாதவர்களும் தொடர்ந்து போட வேண்டியிருக்கலாம், அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் பி12, மெக்னீசியம் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. போடுகிற வரைக்கும், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள். சாப்பிட்டு முடித்து எரியும்போது போட்டால் அந்த அளவுக்கு வேலை செய்யாது.