குழந்தையின் எக்ஸ்ரேயில் "தைமஸ் பெரிதாக இருக்கிறது" என்றால் என்ன?

தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேல் இருக்கும் மென்மையான சுரப்பி. நோயை எதிர்க்கும் டி செல்கள் இங்கேதான் பக்குவமடைகின்றன. அந்த வேலை பிறந்த முதல் சில ஆண்டுகளில் மும்முரமாக நடப்பதால், உடம்பின் அளவோடு பார்த்தால் கைக்குழந்தைக்குத்தான் தைமஸ் பெரிது. பருவ வயதுக்குப் பின் மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். கைக்குழந்தைக்குத் தைமஸ் பெரிதாக இருப்பதால்தான் மார்பு எக்ஸ்ரேயில் இதய நிழல் அகலமாகத் தெரிகிறது. பிசைந்த சப்பாத்தி மாவில் விரல் பதிவதுபோல விலா எலும்புகள் தைமஸில் பதிந்து, அதன் ஓரம் அலை அலையாக இருக்கும். மருத்துவர் தேடுவது, இயல்பான தைமஸின் அடையாளமான இந்த அலையைத்தான். சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட் போதும், அதில் கதிர்வீச்சு கிடையாது. கடும் காய்ச்சலில் தைமஸ் சுருங்கி, குணமானதும் திரும்ப வளரும். ஆக, இரண்டு படங்களில் அளவு மாறியிருந்தால் பதற வேண்டாம்.

இது புரியாத காலம் ஒன்று இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் நல்ல தைமஸையே சுருக்குவதற்காகக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பின்னாளில் அவர்களிடையே தைராய்டு புற்றுநோய் கூடுதலாக வந்தது. நினைத்தாலே மனம் கனக்கிறது.

பெரிய தைமஸ் மூச்சுக்குழாயை நெரிக்கும் என்று இன்றும் சிலர் பயப்படுகிறார்கள். இயல்பான தைமஸ் மென்மையானது, பக்கத்து உறுப்புகளை அழுத்தாது.