தூண்டில் கேள்வி–பதில்: ரப்பர் மீனுக்கு எந்த முடிச்சு?

இம்முறை முடிச்சுப் பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். பதில்களில் ‘தாய் நூல்’ என்பது ரீல் பக்கம் போகும் நூல். ‘வால்’ என்பது கையில் பிடித்துக் கட்டும் நுனி. ‘காது’ என்பது முள்ளில் நூல் கோர்க்கும் துவாரம். ‘ஜிக் ஹெட்’ என்பது ஈயத் தலை வைத்த முள். ‘லீடர்’ என்பது ரீல் நூலின் முனைக்கும் முள்ளுக்கும் இடையில் இணைக்கும் துண்டு நூல்.

முகத்துவாரத்தில் 10 கிராம் ஜிக் ஹெட்டில் 4 அங்குல ரப்பர் மீன் கோர்த்து, 30 இறாத்தல் ஃபுளோரோகார்பன் லீடரில் கட்டி வீசுகிறேன். காதோடு இறுக்கிக் கட்டுவதா, வளையம் விட்டுக் கட்டுவதா?
– மட்டக்குளி வாசகர்

வளையம் விட்டுத்தான் கட்ட வேண்டும். 30 இறாத்தல் ஃபுளோரோகார்பன் விறைப்பான நூல். அதைக் காதோடு இறுக்கினால் ஜிக் ஹெட்டின் தலை அசைய இடமிருக்காது. ரப்பர் மீனின் வால் ஆடும், ஆனால் உடம்பு இரு பக்கமும் உருளாது. போதாததற்கு, இறுக்கிய முடிச்சு இரண்டு வீச்சில் காதின் முன்பக்கமோ பின்பக்கமோ நழுவிவிடும். மீன் மூக்கைத் தூக்கிக்கொண்டோ குனிந்துகொண்டோ வரும். நகராத வளைய முடிச்சில் இந்தத் தொல்லை இல்லை.

லீடரின் நுனியிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒற்றை முடிச்சு ஒன்று போடுங்கள். இறுக்க வேண்டாம். வாலைக் காதுக்குள் விட்டு எடுத்து, ஒற்றை முடிச்சின் எந்தப் பக்கத்தால் வெளியே வந்ததோ அதே பக்கத்தால் திரும்ப உள்ளே நுழையுங்கள். இப்போது ஒற்றை முடிச்சைக் காதை நோக்கி நகர்த்துங்கள். இரண்டுக்கும் இடையில் எஞ்சும் தூரமே வளையத்தின் அளவு. 4 முதல் 5 மில்லிமீட்டர் தாராளம். வாலைத் தாய் நூலைச் சுற்றி 4 சுற்றுச் சுற்றி, மீண்டும் ஒற்றை முடிச்சுக்குள், கடைசியாக வெளியே வந்த பக்கத்தாலேயே விடுங்கள். எச்சிலால் நன்றாக நனைத்து, வாலை மெல்ல இழுத்துச் சுற்றுகளை ஒன்றுசேர்த்த பிறகு, ஜிக் ஹெட்டையும் தாய் நூலையும் எதிரெதிரே இழுத்து இறுக்குங்கள்.

நான்கு சுற்று என்பது 15 முதல் 40 இறாத்தல் நூலுக்கு. 8–12 இறாத்தலுக்கு 5 சுற்று, 50–60 இறாத்தலுக்கு 3 சுற்று. தடித்த நூலில் சுற்றுகளைக் கூட்டினால் முடிச்சு முழுதாக இறுகாது. அரைகுறையாக நின்று, மீன் இழுக்கும்போதுதான் இறுகும், அப்போது நூல் தன்னையே அறுத்துவிடும். வளையம் பெரிதாகிவிட்டால் வீசும்போது முள் அதில் மாட்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நூல் வெளிறிச் சுருளும். அப்படிச் சுருண்டதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் அது பலமற்றது.

இந்த முடிச்சில் காது உரசுவது வளையத்தின் உட்பக்கத்தில். ஒவ்வொரு நல்ல மீனுக்குப் பிறகும் அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் மறுபடி கட்ட வேண்டும்.

பின்னல் நூலை லீடர் இல்லாமல் நேரே ஜிக் ஹெட்டில் கட்டுகிறேன். மீன் எதுவும் கடிக்காமலே, கல்லில் மாட்டி இழுத்தால் முடிச்சோடு கழன்று வருகிறது. நூல் மோசமானதா?
– வெள்ளவத்தை வாசகர்

நூலைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் போட்டிருப்பது அநேகமாக தங்கூசிக்கு (ஒற்றை இழை நைலோன் நூல்) போடும் கிளிஞ்ச் முடிச்சு. பின்னல் நூல் பொலிஎதிலீன் இழையால் ஆனது. வழுவழுப்பானது, தங்கூசியைப்போல் நசுங்கிப் பிடிக்காது. ஆகவே சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக் கழன்றுவிடும். அளவும் ஒரு காரணம்: PE 1 (பின்னல் நூலின் தடிப்பைக் குறிக்கும் எண்) நூலின் தடிப்பு சுமார் 0.165 மில்லிமீட்டர்தான். மலிவான ஜிக் ஹெட்டுகளில் காதுக் கம்பி முழுதாக மூடியிருக்காது. அந்த இடைவெளியால் நூல் வெளியே போய்விடும். வாங்கும்போதே காதைப் பாருங்கள், திறந்திருந்தால் குறடால் நெருக்கி மூடுங்கள்.

நேரே கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பாலோமர் முடிச்சு. நூலை 15 செ.மீ. அளவுக்கு இரட்டையாக மடித்துக் காதுக்குள் விட்டு, அந்த இரட்டை நூலால் ஒற்றை முடிச்சுப் போட்டு, எஞ்சிய கண்ணிக்குள் ஜிக் ஹெட்டை முழுதாக நுழைத்து, நனைத்து, வாலையும் தாய் நூலையும் சேர்த்து இழுக்க வேண்டும். இரட்டை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும். குறுக்கே விழுந்தால் பலம் குறையும். ரப்பரைக் கோர்க்குமுன் கட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணிக்குள் நுழைப்பதற்குள் ரப்பர் கிழிந்துவிடும்.

ஆனாலும் வெள்ளவத்தைக் கற்களில் லீடர் இல்லாமல் வீசுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். மெல்லிய பின்னல் நூல் கல்லில் ஒருமுறை உரசினாலே இழைகள் அறும். ஒரு மீட்டர் லீடர் போடுங்கள்.

அறுந்து வந்த நுனியையும் பார்க்கப் பழகுங்கள். லீடர் நுனி பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் பல். பஞ்சாக உரிந்திருந்தால் கல் அல்லது செவுள். காரணம் தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்பது தெரியும்.

பின்னல் நூலையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி நல்லதா, இரட்டை யூனி நல்லதா? பொல்கொடையில் படகில் மீன்பிடிக்கிறேன்.
– பாணந்துறை வாசகர்

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதென்றால் எஃப்ஜி. ஆடும் படகில், காற்றில், இருட்டில் கட்டுவதென்றால் இரட்டை யூனி. அரைகுறையாகக் கட்டிய எஃப்ஜியை விட ஒழுங்காகக் கட்டிய யூனி எவ்வளவோ மேல்.

எஃப்ஜியில் லீடர் மடிவதே இல்லை. பின்னல் நூல்தான் அதன்மேல் சடைபோல மாறி மாறிச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிறது. அதனால் மெலிதாக இருக்கும், ரொட்டின் வளையங்களில் தட்டாமல் போகும். பின்னல் நூலை இறுக்கமாகப் பிடித்து, லீடரை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி 20 சுற்று. பிறகு தாய் நூலையும் லீடரையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். லீடரின் வாலை வெட்டுமுன் நனைத்து, லீடரையும் பின்னல் நூலையும் கையுறையோ துணியோ சுற்றிப் பலமாக இழுங்கள். சுற்றுகள் நெருங்கி, நூலின் நிறம் கடுமையாகும். அந்த நிறமாற்றம் தெரியாவிட்டால் சுற்றுகள் லீடரைக் கவ்வவில்லை; முதல் பெரிய கொடுவாவோடு லீடர் உருவிக்கொண்டு போகும். நிறம் மாறிய பிறகே லீடர் வாலை ஒட்ட வெட்டி, தாய் நூலின்மேல் இன்னும் நாலைந்து அரைமுடிச்சுப் போட்டு முடியுங்கள். லைட்டரைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், பின்னல் நூல் சூடு தாங்காது.

இரட்டை யூனியில் பின்னல் நூல் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 சுற்று. முடிச்சு பருமனாக இருக்கும் என்பதால், வீசும்போது ரொட் நுனிக்கு வெளியே நிற்கும்படி லீடரைக் குட்டையாக வையுங்கள்.

தியவன்னா ஓயாவில் விராலுக்கு, நழுவும் தோட்டா ஈயத்தோடு, முள் முனை ரப்பருக்குள் மறைந்திருக்கும் டெக்சஸ் முறையில் வீசுகிறேன். இதற்கும் வளைய முடிச்சா?
– இராஜகிரிய வாசகர்

வேண்டாம். ஈயம் ஒவ்வொரு முறையும் வளையத்தில் வந்து மோதி நசுக்கும், பாசியும் சிக்கும். காதோடு இறுகும் பாலோமர் அல்லது யூனி போடுங்கள். ஈயத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு சிறிய மணி கோர்த்தால் முடிச்சு அடிபடாது.

அடிக்கடி ரப்பர் மாற்றுவதற்கு வசதியாகக் கிளிப் போடலாமா?
– தெஹிவளை வாசகர்

ரப்பரை மட்டும் மாற்ற முடிச்சை அவிழ்க்கவே தேவையில்லையே. ஜிக் ஹெட்டையும் மாற்றுவதென்றால், 10 கிராமுக்கு மேல் சிறிய கிளிப் பரவாயில்லை. அதற்குக் கீழே கிளிப்பின் பாரமே மூக்கைக் கீழே இழுக்கும். சுழலி வைத்த கிளிப் வேண்டவே வேண்டாம்.

நீர்கொழும்பில் ஊழி ஒவ்வொரு முறையும் அறுத்துவிடுகிறது. எந்த முடிச்சு தாங்கும்?
– வத்தளை வாசகர்

பல்லுக்கு முன்னால் எந்த முடிச்சும் நிற்காது. 10 முதல் 15 செ.மீ. கம்பி லீடர் போடுங்கள். முடிச்சுப் போடக்கூடிய மென்கம்பி என்றால் அதே வளைய முடிச்சை 3 சுற்றோடு கட்டலாம். ஒற்றைக் கம்பியை முறுக்கித்தான் கட்ட வேண்டும். ரப்பரின் வால் எப்படியும் போகும், அதற்கு மருந்தில்லை.

கட்டிய முடிச்சு சரியா என்று கரையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?
– கொட்டாஞ்சேனை வாசகர்

முதலில் காதுக்குள் வண்ணப்பூச்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய முள்ளின் முனையால் குத்திச் சுத்தமாக்குங்கள். உடைந்த பூச்சின் விளிம்பு நூலைக் கீறும். பிறகு முள்ளை அசையாத எதிலாவது மாட்டி, நூலைத் துணி சுற்றிய கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, வெட்டி இழுக்காமல் நிதானமாக இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பின்னல் நூல் தோலைக் கிழிக்கும். முகத்துக்கு நேராகவும் இழுக்க வேண்டாம். முடிச்சு விட்டால் ஜிக் ஹெட் கண்ணை நோக்கித்தான் வரும்.

எவ்வளவு இழுப்பது? இருக்கிற நூல்களில் மெலிந்ததை வைத்துக் கணக்கிடுங்கள். 20 இறாத்தல் என்றால் ஏறத்தாழ 9 கிலோ. டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) அதன் கால் பங்கு, அதாவது இரண்டேகால் கிலோவுக்கு வைப்பது வழக்கம். சிறிய தொங்கு தராசில் மாட்டி 4 கிலோ வரை இழுத்தும் முடிச்சு நகரவில்லை என்றால் தாராளமாக வீசலாம். வால் நுனி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.