கோப்பு திறக்கிறது, சேமிக்க மறுக்கிறது: பகிர்ந்த கோப்புறையில் அனுமதிகளைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 11 பேர் வேலை செய்கிறோம். விண்டோஸ் 11 ப்ரோ உள்ள ஒரு கணினியையே சர்வராக வைத்து, அதில் ஒரு கோப்புறையை எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறோம். சிலரால் எக்செல் கோப்பைத் திறக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை. பகிர்வில் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தும் பயனில்லை. சம்பளக் கோப்புறையை வேறு பயனர் பெயரில் திறக்கப் போனால் 1219 என்ற பிழை வருகிறது. வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட ஒருவரைச் சம்பளக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் அவரால் அந்தக் கோப்புகளைத் திறக்க முடிகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் ஒரே இடத்தில் பிறக்கவில்லை. நெட்வொர்க் வழியாக ஒரு கோப்பைத் திறக்கும்போது உங்கள் கணினி சர்வரிடம் மூன்று முறை அனுமதி கேட்கிறது. முதலில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி, தான் யார் என்று நிறுவி ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. அடுத்து, எந்தப் பகிர்வுக்குள் நுழைய வேண்டும் என்று கேட்கிறது. சர்வர் அப்போதே, இந்தப் பகிர்வில் உனக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பைச் சொல்லிவிடுகிறது. மூன்றாவதாகக் குறிப்பிட்ட கோப்பைப் படிக்க மட்டுமா, எழுதவுமா, அழிக்கவுமா என்று சொல்லித் திறக்கக் கேட்கிறது. சேமிக்க முடியாத தொல்லை மூன்றாம் படியிலும், 1219 பிழை முதல் படியிலும் எழுகின்றன. நீக்கப்பட்டவர் இன்னும் திறப்பதும் முதல் படியின் விளைவுதான். எந்தப் படி என்று தெரியாமல் பெட்டிகளில் டிக் அடித்துக்கொண்டே போவதால்தான் பல அலுவலகங்களில் கடைசியில் எல்லோருக்கும் எல்லாம் திறந்து கிடக்கிறது.

முதலில் சேமிக்க முடியாத தொல்லையைப் பார்ப்போம். பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு அடுக்கு அனுமதிகள் உண்டு. கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் ஷேரிங் பக்கத்தில் இருப்பது பகிர்வு அனுமதி. அதில் ரீட், சேஞ்ச், ஃபுல் கன்ட்ரோல் என்ற மூன்று நிலைகளே உள்ளன, அதுவும் நெட்வொர்க் வழியாக வருபவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். செக்யூரிட்டி பக்கத்தில் இருப்பது என்டிஎஃப்எஸ் அனுமதி, அதாவது வட்டில் கோப்புகளோடு சேர்த்தே வைக்கப்படும் அனுமதி. அது கணினியின் முன்னே உட்கார்ந்திருப்பவருக்கும் பொருந்தும். ஓர் அடுக்குக்குள் ஒருவருக்குப் பல குழுக்கள் வழியாகக் கிடைப்பவை ஒன்றோடொன்று கூடும். ஆனால் இரண்டு அடுக்குகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, எது குறைவோ அதுவே செல்லும். ஆகவே பகிர்வில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தது உச்சவரம்பை உயர்த்தியதே தவிர, கீழே செக்யூரிட்டி பக்கத்தில் இருந்த தடையைத் தொடவே இல்லை.

அந்தத் தடை எது என்பதை உங்கள் கேள்வியோடு நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டே காட்டுகிறது. ஊழியர் குழுவுக்கு ரீட், ரைட் இரண்டிலும் டிக் இருக்கிறது, மாடிஃபை காலியாக இருக்கிறது. எழுதும் உரிமை இருந்தால் சேமிக்க முடியும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் எக்செல் அப்படிச் சேமிப்பதில்லை. அது பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, அதில் முழுவதையும் எழுதி முடித்த பிறகு, பழையதை அழித்துவிட்டுப் புதியதற்குப் பழைய பெயரை வைக்கிறது. அழிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் ‘டிலீட்’ உரிமை வேண்டும். அது ரைட்டில் இல்லை, மாடிஃபையில்தான் இருக்கிறது. அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள்: எட்டு எழுத்துகள் கொண்ட பொருளற்ற பெயரோடு, கடைசியில் புள்ளியும் நீட்சியும் இல்லாத கோப்புகள் சிதறிக் கிடந்தால், அவை பாதியில் நின்றுபோன சேமிப்புகளின் மிச்சம். இன்னொரு சோதனையும் செய்யலாம். அதே ஊழியரை அதே கோப்புறையில் உள்ள ஒரு சாதாரண உரைக் கோப்பை நோட்பேடில் திறந்து, ஒரு வரி சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். நோட்பேட் இருக்கிற கோப்பின் மேலேயே எழுதுவதால் அது சேமித்துவிடும், எக்செல் மட்டும் மறுக்கும். அப்படி நடந்தால் காரணத்தைப் பற்றி வேறு ஐயமே வேண்டாம்.

எனவே பகிர்வு அடுக்கில் எவ்ரிஒன் பெயரை எடுத்துவிட்டு, ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ குழுவுக்கு, அதாவது தான் யார் என்று நிறுவி நுழைந்தவர்களுக்கு, சேஞ்ச் மட்டும் கொடுங்கள். செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் ஊழியர் குழுவுக்கு மாடிஃபை கொடுங்கள். ஃபுல் கன்ட்ரோல் தேவையில்லை. மாடிஃபையைவிட அதில் முக்கியமாகக் கூடுதலாக இருப்பது அனுமதிகளையே மாற்றும் உரிமையும், கோப்பின் உரிமையாளர் ஆகும் உரிமையும்தான்; கணக்கு எழுதுபவருக்கு இரண்டும் வேண்டியதில்லை. இதைச் செய்யும்போது கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து வரும் எளிய பகிர்வு வழிகாட்டியைத் தவிர்த்து, ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ வழியாகச் செல்லுங்கள். எளிய வழிகாட்டி இரண்டு அடுக்குகளையும் தன் விருப்பப்படி மாற்றிவிடும். பிறகு எதை யார் கொடுத்தார்கள் என்று தேடுவது பெரும்பாடு.

சிலருக்கு மட்டும் வேலை செய்து சிலருக்குச் செய்யாமல் இருப்பதற்குக் கோப்புறை பிறந்த இடமும் காரணமாக இருக்கலாம். ஒரு பயனரின் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ உருவாக்கிய கோப்புறை, அந்தப் பயனருக்கும் நிர்வாகிகளுக்கும் கணினிக்கும் மட்டுமே உரிமை தரும் அனுமதிகளை மேலிருந்து வாரிசாகப் பெறுகிறது. அங்கிருந்து அதே வட்டில் வேறிடத்துக்கு இழுத்துப் போட்டாலும் உள்ளே இருக்கும் கோப்புகள் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரக்கூடும், ஏனெனில் ஒரே வட்டுக்குள் நகர்த்துவது உண்மையில் பெயர்மாற்றம் மட்டுமே. நகலெடுத்தால் அப்படி இல்லை. புதிய இடத்தின் அனுமதிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே சந்தேகத்துக்குரிய கோப்புகளைப் புதிய கோப்புறைக்கு நகலெடுத்து, சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பழையதை நீக்குவது பாதுகாப்பானது.

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். எக்செல் சில வேளைகளில், கோப்பு இன்னொருவரால் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் படிக்க மட்டும் திறக்கும். அது அனுமதித் தொல்லையே அன்று. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு செயலியும் தனக்கு என்ன வேண்டும் என்பதோடு, தான் வைத்திருக்கும்வரை மற்றவர்களுக்கு எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதையும் சர்வரிடம் சொல்கிறது. முதலில் திறந்தவர் எழுதுவதை விட்டுக்கொடுக்கவில்லை என்றால், எவ்வளவு பெரிய அனுமதி உள்ளவரும் காத்திருக்க வேண்டியதுதான். விண்டோஸ் இதை 32 என்ற எண்ணில் சொல்கிறது. அனுமதி இல்லாத மறுப்பு 5. இந்த இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி 1219. விண்டோஸில் ஒருவர் உள்நுழைந்திருக்கும்போது, ஒரு சர்வர் பெயருக்கு ஒரே ஒரு பயனர் பெயரில்தான் இணைப்பு வைத்துக்கொள்ள முடியும். காலையில் பொதுக் கோப்புறையைத் திறந்தபோதே உங்கள் சொந்தப் பெயரில் இணைப்பு ஏற்பட்டுவிட்டது. மதியம் சம்பளக் கோப்புறைக்கு வேறு பெயர் கொடுத்தால், ஒரே வாசலில் இரண்டு பேராக நிற்க முடியாது என்று அது மறுக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தில் நெட் யூஸ் (net use) என்ற கட்டளையைத் தனியாகக் கொடுத்தால் இப்போது உள்ள இணைப்புகள் தெரியும். அதையே டிலீட் (/delete) என்ற சேர்க்கையோடு கொடுத்து அவற்றைத் துண்டிக்கலாம். விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பெயர் சேமிக்கப்பட்டிருந்தால் அதையும் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நொடியே அதே பெயரில் மீண்டும் இணைந்துவிடும். சர்வரின் பெயருக்குப் பதில் அதன் ஐபி முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் அதை வேறு சர்வர் என்று எண்ணி இரண்டாவது பெயரை ஏற்கும். பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சம்பளத்துக்கென்று ஒரு பொதுப் பெயரும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லும் வைத்திருப்பதே இங்கே அடிப்படைப் பிழை. யார் எதைத் திறந்தார்கள் என்று பிறகு சொல்லவே முடியாது.

அதற்குப் பதில், சர்வர் கணினியில் 11 பேருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகளை உருவாக்கி, அவரவர் கணினியில் பயன்படுத்தும் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால், கேட்காமலே இணைப்பு ஏற்படும். நான்கு இலக்க ‘பின்’ (PIN) எண்ணைக் கொண்டு கணினிக்குள் நுழைபவர்கள், அந்த எண் நெட்வொர்க்கில் செல்லாது என்பதை அறிந்திருக்க வேண்டும். அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. கடவுச்சொல் கேட்காத பகிர்வை இயக்கிவிட்டு எல்லோரையும் விருந்தினராக உள்ளே விடுவது இன்னும் மோசம். அப்போது சர்வருக்கு 11 பேரும் ஒரே ஆள்தான். மேலும் 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ கணினிகளில் அத்தகைய விருந்தினர் இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது.

கணக்குகள் தயாரானதும் சம்பளப் பிரிவுக்கென்று ஒரு குழுவை உருவாக்கி, உரியவர்களை அதில் சேருங்கள். பிறகு சம்பளக் கோப்புறையின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று, மேலிருந்து வரும் வாரிசு அனுமதிகளை நிறுத்தி, இருப்பவற்றை நேரடி அனுமதிகளாக மாற்றச் சொல்லுங்கள். அதன் பின் பொது ஊழியர் குழுவை நீக்கி, சம்பளக் குழுவுக்கு மாடிஃபை கொடுங்கள். சிஸ்டம், நிர்வாகிகள் ஆகிய இரண்டையும் தொடாதீர்கள். காப்புநகல் எடுக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் பெயரில்தான் கோப்புகளைப் படிக்கும்.

அனுமதியை வெளிப்படையாக மறுக்கும் ‘டினை’ பெட்டியின் பக்கமே போக வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், சம்பளப் பட்டியலை யாரும் பார்க்கக் கூடாது என்று எவ்ரிஒன் பெயருக்கு எல்லாவற்றையும் டினை செய்துவிட்டார்கள். மாதக் கடைசியில் முதலாளியாலும் அதைத் திறக்க முடியவில்லை, ஏனெனில் அவரும் எவ்ரிஒன்னில் ஒருவர்தானே. உரிமையாளர் அனுமதிகளை எப்போதும் திருத்தலாம் என்பதால் அது மீட்கப்பட்டது. கொடுக்காமல் இருப்பதே மறுப்பதாகும். தனியாக மறுக்கத் தேவையில்லை.

கடைசியாக, நீக்கப்பட்டவர் இன்னும் திறப்பது. ஒருவர் இணையும் கணத்தில் சர்வர் அவருடைய குழுக்களைப் பட்டியலிட்டு அந்த இணைப்போடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் குழுவிலிருந்து பெயரை நீக்கினாலும் ஏற்கெனவே உள்ள பட்டியல் மாறாது. கோப்பும் அப்படியே: திறக்கும்போதுதான் அனுமதி சோதிக்கப்படுகிறது, திறந்த பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் சோதிக்கப்படுவதில்லை. எதையும் திறக்காமல் 15 நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் என்பது இயல்பு அமைப்பு. ஆனால் காலையில் திறந்த எக்செல் கோப்பை மாலைவரை மூடாதவருக்கு அந்த நேரம் வரவே வராது. ஆகவே சர்வர் கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டைத் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ் என்பதன் கீழ் உள்ள செஷன்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் இரண்டையும் பாருங்கள். யார் எந்தக் கணினியிலிருந்து எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது அங்கே தெரியும். சேமிக்காத வேலை இருந்தால் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவருடைய செஷனை, அதாவது இணைப்பை, மூடுங்கள். அடுத்த முறை இணையும்போது புதிய பட்டியலோடுதான் வருவார். அப்போதும் திறக்க முடிந்தால், அவர் வேறொரு குழு வழியாக உரிமை பெறுகிறார் என்று பொருள், அட்வான்ஸ்டு பகுதியில் உள்ள எஃபெக்டிவ் ஆக்சஸ் பக்கத்தில் அவர் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: ப்ரோ பதிப்பு ஒரே நேரத்தில் 20 இணைப்புகளைத்தான் ஏற்கும். 11 பேருக்கு இப்போது போதும், ஆனால் ஸ்கேனரும் மடிக்கணினிகளும் சேரும்போது அந்த எண்ணிக்கையையும் செஷன்ஸ் பக்கத்தில் அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.